பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள்

எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாடு போய்வந்தால் முதலில் கேட்பது "என்ன கொண்டாந்தீங்க?" என்பதுதான். 2024 ஆகஸ்டில் நானும் என் மனைவியும் மடகாஸ்கர் தீவுக்குப் போய், மகளோடு ஐந்து வாரம் இருந்துவிட்டுத் திரும்பினோம். கடமலைக்குண்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் மச்சினன் கேட்டது வேறு. "என்ன மச்சான், நீங்க ரெண்டு பேரு மட்டுந்தான் வர்றீங்களா? பாப்பாவ கூட்டிட்டு வரலியா?"

நான் பதில் சொல்லவில்லை. என் மனைவிதான், "அவளுக்கு அங்க வேலை கெடக்குடா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் பாண்டிச்சேரிக்காரன். பிரெஞ்சு மீடியத்தில் படித்து, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். ஓய்வுபெற்ற பிறகு மனைவியின் ஊரான கடமலைக்குண்டுக்கு வந்து, மூல வைகையின் கரையில் அவள் பங்குக்கு வந்த தென்னைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எங்கள் ஒரே மகள் துறவறம் பூண்டு கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். 2015ல் அவளை மடகாஸ்கருக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூட ஆசிரியை. அவள் புறப்பட்ட அன்று அம்மாவும் அண்ணனும் மதுரை ஏர்போர்ட் வரைக்கும் போனார்கள். நான் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

பத்து வருஷத்தில் அவள் இரண்டு தடவை விடுமுறைக்கு வந்தாள். மூன்றாம் தடவை நாமே போனால் என்ன என்று ஆரம்பித்தது என் மனைவிதான். "ஏங்க, ஒரு தடவ நம்ம போயிட்டு வந்துருவமா? அது தூங்குற எடம் எப்படி இருக்குன்னு பாக்கணும்." எனக்குத் தயக்கம். செலவு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். மடத்துக்குக் கொடுத்துவிட்ட பிள்ளையின் பின்னால் தாய் தகப்பன் போய் நிற்கலாமா என்பது இன்னொரு பக்கம்.

ஒரு காரியத்தில் முடிவெடுக்கத் தெரியாவிட்டால், இதற்கு முன் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று பழைய ஃபைலைத் தேடுவது குமாஸ்தா புத்தி. நானும் தேடினேன். வெளிநாட்டு மிஷனுக்குப் போன பிள்ளையைப் பார்க்கத் தாய் தகப்பன் போன கதை சரித்திரத்தில் உண்டா? கையில் பிரெஞ்சு இருப்பதால் பழைய புத்தகங்கள் சிலவற்றை நேராகவே படிக்க முடிந்தது. கிடைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் கிடைத்ததெல்லாம் போகாத கதைகள்தான். பாண்டிச்சேரியில் நாங்கள் சின்ன வயதில் பார்த்த தாடி வைத்த வெள்ளைக்காரச் சாமியார்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையின் தலைமை வீடு பாரிசில் ரூ து பாக் என்ற தெருவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து ஒருவர் ஆசியாவுக்குப் புறப்பட்டால் அது ஆயுசுக்கும். திரும்புகிற வழக்கம் கிடையாது. ஆகவே புறப்படுகிற நாளில் ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். போகிற இளம் குருக்கள் பீடத்தை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். கூடியிருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து அவர்களுடைய பாதத்தை முத்தம் செய்வார்கள். அந்த வரிசையில் பெற்ற தகப்பனும் கூடப்பிறந்தவர்களும் இருப்பார்கள். மகன் காலில் தகப்பன் குனிவது நம்முடைய வழக்கத்துக்குத் தலைகீழ். பிரெஞ்சுக்காரருக்கும் அது சாதாரணமாக இருந்திருக்காது.

அந்தச் சடங்கில் பாடுவதற்கு இசை அமைத்தவர் ஷார்ல் குனோ. பின்னால் "ஃபவுஸ்ட்" ஓபெரா எழுதிப் பேர் பெற்றவர், ஒரு காலத்தில் அந்தச் சபையின் கோவிலில் இசைப் பொறுப்பில் இருந்தார். 1868ல் ஷார்ல் து குபெர்த்தான் என்ற ஓவியர் இந்தச் சடங்கைப் பெரிய படமாகத் தீட்டினார். இக்காலத்து ஒலிம்பிக் போட்டிகளைத் தொடங்கி வைத்தாரே பியேர் து குபெர்த்தான், அவருடைய தகப்பனார்தான் இந்த ஓவியர். படத்தின் அச்சுப் பிரதியை நான் பார்த்திருக்கிறேன். என் கண் போனது போகிறவர்கள் மேல் இல்லை, குனிந்திருக்கிறவர்கள் மேல்தான்.

நம் மதுரைப் பக்கம் வந்தவர்கள் பிரெஞ்சு சேசு சபையார். 1830களின் கடைசியில் பெர்த்ராண், கார்னியே, மர்த்தான், து ராங்கே என்ற நால்வர் வந்து பழைய மதுரை மிஷனை மறுபடி ஆரம்பித்தார்கள். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது 1869ல்தான் திறந்தது. ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக் கப்பல் வந்துசேர நாலைந்து மாதம் ஆகும். கடிதம் போட்டுப் பதில் வாங்க ஒரு வருஷம். வந்தவர்களில் பலர் சில வருஷங்களுக்குள்ளேயே காலராவிலும் காய்ச்சலிலும் போனார்கள். லியோன் நகரில் 1822ல் தொடங்கிய விசுவாசப் பரம்புதல் சபை மிஷனரிகளின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டு வந்தது. அவற்றில் தாய் தகப்பனுக்கு எழுதியவையும் உண்டு. வெயில், புளிக்குழம்பு, மாட்டுவண்டி, தேள் என்று எல்லாவற்றையும் மகன் விவரமாக எழுதுகிறான். அதற்குத் தாய் எழுதிய பதிலை எந்தத் தொகுப்பிலும் நான் பார்க்கவில்லை. அச்சுப் போட்டவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை போலும்.

ஒரே ஒரு தாயைப் பற்றி மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் பெரிய இடத்துப் பெண் என்பதால் இருக்கலாம்.

ஓரியூர் அருளானந்தரை நம் பக்கம் அறியாதவர் இல்லை. போர்த்துகீசியப் பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647ல் லிஸ்பனில் பிறந்தவர். தகப்பனார் பிரேசிலுக்குக் கவர்னராகப் போய் அங்கேயே இறந்துவிட்டார். தாய் பிரித்தெஸ் பெரைரா தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தாள். ஜான் அரண்மனையில் இளவரசன் பேத்ருவுக்குத் தோழனாக வளர்ந்தான். சிறு வயதில் பையனுக்குக் கடும் நோய் வந்தது. பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபை அங்கியை உடுத்தி வைக்கிறேன் என்று தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். பையன் பிழைத்தான், அங்கியும் போட்டாள். அரண்மனையில் எல்லோரும் அவனைக் குட்டி அப்போஸ்தலன் என்று கேலி செய்தார்களாம்.

கவனியுங்கள், அந்த அங்கியை முதலில் மாட்டிவிட்டது தாய்தான். பதினைந்து வயதில் அவன் நிஜமாகவே சேசு சபையில் சேர்ந்தபோதும் பொறுத்துக்கொண்டாள். இந்தியாவுக்குப் போகிறேன் என்றதும் பொறுக்க முடியவில்லை. லிஸ்பனில் இருந்த போப்பாண்டவரின் தூதரிடமே போய், என் மகனை நிறுத்துங்கள் என்று முறையிட்டாள். தூதரும் சொல்லிப் பார்த்தார். மகன் கேட்கவில்லை. 1673ல் கப்பல் ஏறிவிட்டார்.

புனிதர் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாயின் பலவீனம் என்று இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. எங்கள் மகளைச் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாட்டுக் குழுவில் கொண்டுபோய் விட்டது நான்தான். பிரெஞ்சு சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பிரெஞ்சு தெரியும் என்பதற்காகத்தான் மடகாஸ்கருக்கு அவள் பெயரைப் பரிசீலித்தார்கள். அது தெரிந்த அன்று, அவளுடைய மேல்மட்டத் தலைவிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். சுத்தமான பிரெஞ்சில், ஒரு பிழை இல்லாமல். தாய்க்கு உடம்பு சரியில்லை, உள்நாட்டிலேயே வேலை கொடுங்கள் என்று. என் மனைவிக்கு அன்று எந்த நோயும் கிடையாது. கடிதம் எழுதியதும் அவளுக்குத் தெரியாது. பதில் மரியாதையாக வந்தது, மகள் போனாள். இதை இன்றைக்குத்தான் எழுத்தில் வைக்கிறேன்.

பிரிட்டோவின் தாய்க்கு மகனை மறுபடி பார்க்கக் கிடைத்தது. மறவர் சீமையில் பிடிபட்டு அடியும் உதையும் பட்டவரை மிஷன் அலுவலாகச் சபையார் லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். 1687ல் அங்கே போய்ச் சேர்ந்தார். பழைய தோழன் பேத்ரு இப்போது அரசன். இங்கேயே இரு என்றான். தாயும் அதைத்தான் விரும்பியிருப்பாள். பிரிட்டோவோ லிஸ்பனிலும் நம்மூர்ச் சந்நியாசி மாதிரியே தரையில் படுத்து, மரக்கறி தின்று நாளைக் கழித்துவிட்டு 1690ல் திரும்பிவிட்டார். 1693 பிப்ரவரி 4ல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். செய்தி லிஸ்பனுக்குப் போனதும் அரசன் நன்றிப் பூசை வைத்தான். துக்க உடுப்பு இல்லாமல் விழா உடுப்பில் அந்தத் தாய் அரண்மனைக்கு வந்தாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உடுப்பைக் கழற்றி வைத்த பிறகு வீட்டில் என்ன செய்தாள் என்று யாரும் எழுதவில்லை.

ஆகப் பழைய ஃபைலில் போனவர்கள் யாரும் இல்லை. நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின கதைதானே, கப்பல் வசதி வந்த பிறகு பார்ப்போம் என்று மேலே தேடினேன். கிடைத்தது. அதுவும் எங்கே என்கிறீர்கள்? நம் தேனி மாவட்டத்துக்குத் தலைக்கு மேலே, கொடைக்கானலில்.

கொடைக்கானலை ஊராக்கியது அமெரிக்க மதுரை மிஷன் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து 1834ல் மதுரைக்கு வந்த அமெரிக்கர்கள் கீழ்நாட்டு வெயிலிலும் நோயிலும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். தப்பிக்க மலை தேடி, 1845ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதன் பிறகு வெயில் காலத்தில் குடும்பத்தோடு மேலே போவது வழக்கமாயிற்று.

போகிற வழி நம் பெரியகுளம்தான். 1875 வாக்கில் ரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில், அதாவது இன்றைய கொடை ரோட்டில், இறங்குவார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்க ஏறக்குறைய முப்பது மைல் வந்தால் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. விடியற்காலையில் அங்கிருந்து மலையேற்றம். குதிரைப் பாதை, பத்துப் பன்னிரண்டு மைல். ஆண்கள் நடந்தோ குதிரையிலோ போவார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் நாற்காலியில் கம்பு கட்டி ஆட்கள் தூக்கிப் போவார்கள். பெட்டி படுக்கை, பாத்திரம், அரிசி எல்லாம் நம்மவர்கள் தலையில். செண்பகனூர் வழியாக மேலே ஏறும் பாதை அது. பத்தலக்குண்டு பக்கமிருந்து போகும் லாஸ் காட் ரோடு 1914க்குப் பிறகுதான் போக்குவரத்துக்குத் திறந்தது. தோப்பில் டோலி தூக்கிப் பிழைத்தவர்களுக்கு அதோடு வேலை போயிற்று.

இந்தக் குடும்பங்களுக்கு ஒரு தீராத கவலை இருந்தது. பிள்ளைகளின் படிப்பு. ஏழெட்டு வயது வரைக்கும் தாயே வீட்டில் சொல்லிக் கொடுப்பாள். அதற்கு மேல் அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பி, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ விட்டுவிட வேண்டும். பிறகு பார்ப்பது ஏழெட்டு வருஷம் கழித்து. பிரிவு என்றால் மிஷனரிக்கும் ஊரிலிருக்கும் அவன் தாய் தகப்பனுக்கும் நடுவில் மட்டும் வருவது என்று நான் நினைத்திருந்தேன். அது அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்திருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். 1923ல் ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929ல் தகப்பனார் மலையில் காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் போனது. அதற்கு முன் தகப்பனார் எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் ஆடி அசைந்து அதற்குப் பிறகுதான் மகன் கைக்குப் போயின. இறந்துபோன அப்பாவிடமிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது.

சரி, கொடைக்கானலுக்கு வருகிறேன். ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் 1896ல் இந்தியா வந்தார். கான்சாஸ் மாகாணத்தில் லெவன்வொர்த் என்ற ஊரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் மூலமாக வந்து, தமிழ் படித்து, மாணவர்கள் நடுவில் வேலை செய்தார். பதினைந்து வருஷம் இங்கே இருந்தார். அவருடைய தாயார் மார்கரெட் எடி. 1901ல் அந்த அம்மாள் மகனைப் பார்க்கக் கொடைக்கானலுக்கு வந்தார். அவரும் நம் தோப்பு வழியாகத்தான் மேலே போயிருக்க வேண்டும்.

மகனைப் பார்த்தாயிற்று, மலைக்காற்று வாங்கியாயிற்று, கப்பலேறலாம் என்று அந்த அம்மாள் இருக்கவில்லை. மிஷன் பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்குத் தானே பாடம் சொல்லிக் கொடுத்துத் திண்டாடுவதைப் பார்த்தார். இன்னும் ஓரிரு வருஷத்தில் இந்தப் பிள்ளைகளையும் கப்பலேற்ற வேண்டும் என்பதும் காதில் விழுந்தது. இத்தனை பேர் தனித்தனியாகச் செய்வதை ஓரிடத்தில் செய்தால் என்ன என்று கேட்டு, நானே ஆரம்பித்து வைக்கிறேன் என்றார். ஏரிப் பக்கம் ஹைகிளர்க் என்று ஒரு பழைய ஹோட்டல் இருந்தது. அந்தக் கட்டடத்தில் 1901 ஜூலையில் 13 பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் தொடங்கியது. முதல் தலைமையாசிரியை அந்த விருந்தாளி அம்மாள்தான். ஹைகிளர்க் பள்ளி என்று நெடுங்காலம் வழங்கிய அதுதான் இன்று ஏழு ரோடு பக்கத்தில் இருக்கும் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.

மிஷனரிகள் மலைக்கு வர ஆரம்பித்து அப்போது ஐம்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. படித்தவர்கள், நிர்வாகம் தெரிந்தவர்கள், மதுரையிலும் பசுமலையிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எத்தனையோ பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். தங்கள் பிள்ளைக்கென்று ஒன்று வைக்கும் துணிச்சல் அவர்களுக்கு வரவில்லையா, அது சுயநலமாகிவிடும் என்று கூசினார்களா, சொல்ல முடியாது. ஊரிலிருந்து வந்த ஒரு தாய்க்குச் சட்டென்று கண்ணில் பட்டிருக்கிறது. பிள்ளையைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டுத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று அந்த அம்மாளுக்குத் தெரியும். இந்த இளம் தாய்மார்களுக்கு அது இனிமேல்தான் வரப்போகிறது. ஆகையால் அவர் சும்மா இருக்கவில்லை என்பது என் ஊகம். ஊகம்தான்.

இந்தப் பகுதியை நான் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அந்தம்மா டோலியில ஏறி வந்துருக்கு. நம்ம பிளேன்ல போக யோசிக்கிறோம்" என்றாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டது அடுத்த வாரம்.

இன்னொரு தாய், தெற்கே டோனாவூரில். எமி கார்மைக்கேல் அம்மையாரை நெல்லைப் பக்கத்து வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டாம். அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடற்கரை ஊரில் 1867ல் பிறந்தவர். 1895ல் இந்தியா வந்தவர் 1951ல் டோனாவூரில் இறக்கும் வரைக்கும் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1901லிருந்து, ஆபத்திலிருந்து மீட்கப்பட்ட பெண் குழந்தைகள் அவரிடம் வந்து சேர ஆரம்பித்தன. அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் அம்மா.

மகள் வரமாட்டாள் என்று தெரிந்துதானோ என்னவோ, 1904ல் தாயார் கேத்தரின் கார்மைக்கேல் தானே டோனாவூருக்கு வந்தார். கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. வந்தவர் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினார். அவர் வந்த நேரம் கைக்குழந்தைகள் நிறைந்திருந்த நேரம். ஊட்டிவிடத் தாய்ப்பால் இல்லை, மருத்துவ வசதி பக்கத்தில் இல்லை. 1905 தொடக்கத்தில் இந்திரநீலா என்ற குழந்தை இறந்தது. அதே வருஷம் நெய்யூரில் வைத்துப் பராமரித்த குழந்தைகளிடையே வயிற்றுக்கடுப்பு பரவிப் பல குழந்தைகள் இறந்தன. ஏழு பிள்ளை பெற்று வளர்த்த தாய் அந்த நாட்களில் மகளின் பக்கத்தில் இருந்தார். நாள் முழுக்க அத்தனை பேருக்கும் அம்மாவாக இருந்த எமிக்கு, ராத்திரியில் போய் உட்கார ஒரு அம்மா இருந்தாள். மகளைத் திரும்ப வரச் சொல்லி அழைத்ததாக எங்கும் இல்லை. 1906ல் தாயார் ஊர் திரும்பினார். 1913ல் இறந்தார். இடையில் இருவரும் சந்திக்கவில்லை.

நம்மவர்கள் போன கதையும் இந்தக் காலத்தோடு ஒட்டித்தான் வருகிறது. 1903ல் திருநெல்வேலித் தமிழர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களை அனுப்புவதென்று இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்நின்றவர் வெள்ளாளன்விளை வி.எஸ். அசரியா. மேலே சொன்ன ஷெர்வுட் எடியின் உயிர்த் தோழர். தேர்ந்தெடுத்த இடம் தெலுங்கு நாட்டில் டோர்ணக்கல். இன்றைக்கு ரயிலில் போய்விடலாம். தேரிக்காட்டுப் பனை ஏறுகிற குடும்பத்துக்கு அன்று அது அந்நிய தேசம்தான், பாஷையும் புரியாது. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களில் எத்தனை பேர் டோர்ணக்கல் போய்ப் பார்த்தார்களோ. வெள்ளைக்காரத் தாய்மாரைப் பற்றி நாலு புத்தகம் இருக்கிறது, பனங்காட்டுத் தாய்மாரைப் பற்றி எழுத ஆள் இருந்திருக்காது.

இனி எங்கள் கதை கொஞ்சம். மதுரை, மும்பை, மொரீஷியஸ், பிறகு அந்தானனரிவோ. மடகாஸ்கரின் தலைநகர்ப் பெயர் அது, சொல்லிப் பழக என் மனைவிக்கு மூன்று நாள் ஆயிற்று. அங்கிருந்து தெற்கே ஃபியனரன்ட்சோவாவுக்குக் காரில் ஒரு பகல் முழுக்க. மலைப்பாதை, இருபக்கமும் படிப்படியாக நெல் வயல், திமில் வைத்த மாடு. பாதி வழியில் அவள், "இது நம்ம வருசநாட்டுப் பக்கம் மாதிரில்ல இருக்கு" என்றாள். அங்கேயும் மூன்று வேளையும் சோறுதான் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் தூக்கிக்கொண்டு போன இட்லிப் பொடி, புளி, கருவாட்டுப் பொட்டலம் எதற்கும் அவ்வளவு அவசியம் இருக்கவில்லை.

மகள் தூங்குகிற இடத்தை முதல் நாளே பார்த்துவிட்டாள். இரும்புக் கட்டில், கொசுவலை, ஒரு சின்ன மேஜை. மேஜையின் மேல் எங்கள் இருவரின் படம். தலையணையை அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலையில் காணவில்லையே என்று தேடினால், விடுதிச் சமையல்கட்டில் மலகாசிப் பெண்களோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். முறம் அங்கேயும் நம்முடையது போலத்தான். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியாது. கல் பொறுக்குவதற்குப் பாஷை வேண்டியதில்லை போல. மூன்றாம் வாரத்தில் தண்ணீர், உப்பு, போதும் என்பதற்கெல்லாம் மலகாசியில் சொல் வைத்திருந்தாள். எனக்கு இன்றுவரை வணக்கம் மட்டும்தான் தெரியும்.

எனக்கும் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்துக் கிணறு, காம்பவுண்டு, ஆசிரியைகளின் சான்றிதழ் என்று அரசு அலுவலகங்களுக்கு எழுத வேண்டிய மனுக்கள் குவிந்து கிடந்தன. அங்கே அலுவலக மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று. மகளுக்கு வகுப்பு எடுக்கிற அளவுக்குப் பிரெஞ்சு வரும், மனு எழுதுகிற பிரெஞ்சு வேறு. "தங்கள் மேலான கவனத்துக்கு" என்பதை எந்த இடத்தில் வைக்க வேண்டும், எந்தத் தேதியிட்ட கடிதத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதெல்லாம் பழைய பாண்டிச்சேரிக் குமாஸ்தாவுக்கு ரத்தத்தில் ஊறியது. முன்வராந்தாவில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். நாளைக்கு நாலைந்து வீதம் எழுதினேன். ஐந்து வாரத்தில் கிணற்றுக்கு மட்டும் பதில் வந்தது. நம் அலுவலகங்களைவிட மோசமில்லை.

ஒரு சாயங்காலம் நான் எழுதிய மனு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிராமலே சொன்னாள். "அப்பா, இதே எழுத்துல ஒரு லெட்டர் முன்னாடி பாத்துருக்கேன். நாலு பக்கம்."

எனக்குக் கை நின்றுவிட்டது. யார் காட்டினார்கள் என்று கேட்டேன். புறப்படுவதற்கு முன் தலைவிச் சகோதரி அவளைக் கூப்பிட்டு, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாமே, போகிறாயா இருக்கிறாயா என்று கடிதத்தைக் கையில் கொடுத்தே கேட்டாராம். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று இவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், நான் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னாளாம். "அம்மாட்ட சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க" என்று காகிதத்தை என்னிடம் நீட்டினாள். மூன்றாம் பத்தியில் ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். பெண்பால் ஈறு விட்டுப் போயிருந்தது.

நாங்கள் கிளம்பிய அன்று அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அத்தனை தூரம் காரில் வந்து அந்தானனரிவோ ஏர்போர்ட்டில் எங்களை வழியனுப்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். செக்யூரிட்டி வரிசை திரும்புகிற இடம் வரைக்கும் வெள்ளைப் புடவை தெரிந்தது. என் மனைவி கையில் அவள் கொடுத்த வனிலாக் காய்ப் பொட்டலம் ஒன்று. அதைத்தான் மச்சினன் வீட்டுக்கும் பாதி கொடுத்தோம். பாயசத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, ஏலக்காய்தான் தேவலை என்றான்.